பழைய பேஸ்பால் தொப்பியை உருக்குலையாமல் வீட்டிலேயே சுத்தம் செய்வது எப்படி?

கேள்வி: காவேரிப்பட்டினம் மாந்தோப்புக்காரர்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டினத்துக்கு அருகில் எங்களுக்குச் சிறிய மாந்தோப்பு ஒன்று இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். காய் பறிக்கும் இடத்தில் தலையில் துண்டை மட்டும் போட்டுக்கொண்டு நான் வெயிலில் நிற்பதைப் பார்த்துவிட்டு, தன் தலையில் இருந்த பேஸ்பால் தொப்பியைக் கழற்றி, "இனிமேல் இதைப் போட்டுக்கொள்ளுங்கள் மாமா" என்று கொடுத்தான். அதைப் பல ஆண்டுகள் பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருந்தேன். கடந்த மூன்று மாங்காய்ப் பருவங்களாகத்தான் தினமும் அணிகிறேன்.

இப்போது அதன் நிலை கவலை தருகிறது. தொப்பி கருநீல நிறம். முன்பக்கம் வெள்ளை நூலில் தடிப்பான எம்பிராய்டரி எழுத்து இருக்கிறது. உள்ளே நெற்றியில் படும் வெள்ளைப் பட்டை மஞ்சளாகி, நடுவில் பழுப்பேறிவிட்டது. அந்தப் பட்டைக்கு நேர் வெளியே, வற்றிய ஏரிக்கரையில் உப்புப் பூத்திருப்பதைப் போல வளைந்து வளைந்து ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. முன்விளிம்பின் மேல் செம்மண் புழுதி படிந்திருக்கிறது. இடது ஓரத்தில் புளியங்கொட்டை அளவில் இரண்டு இடங்களில் மாம்பால் சொட்டிக் கறுத்து இறுகியிருக்கிறது. விளிம்பின் அடிப்பகுதி சாம்பல் நிறம். அங்கே அழுக்குக் குறைவுதான்.

சென்ற ஆண்டு இதே போன்ற, ஆனால் இங்கேயே வாங்கிய ஒரு பருத்தித் தொப்பியைத் துணிகளோடு சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டோம். முன்பக்கம் துவண்டு விழுந்தது, விளிம்பு அலையலையாக நெளிந்தது, போதாக்குறைக்குக் காய்ந்த பிறகு துணி முழுவதும் வெளுத்த திட்டுகள் தெரிந்தன. அந்தத் தொப்பி போனதில் வருத்தமில்லை. இது போனால் மனம் ஆறாது. சலவைக் கடையில் கேட்டேன். பொறுப்பேற்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டார் பிளீச்சிங் பவுடர் போட்ட நீரில் ஊறவைக்கச் சொல்கிறார்கள். என் துணைவியார் சோடா போட்டு வெந்நீரில் அலசலாம் என்கிறார். தைப் பொங்கலுக்கு மருமகன் குடும்பத்தோடு வருகிறான். அதற்குள் இதைச் சுத்தம் செய்து வைக்க விரும்புகிறேன். பின்புறம் அளவைக் கூட்டிக் குறைக்கும் பட்டை எதுவும் இல்லாத தொப்பி என்பதையும் சொல்லிவிடுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி: ஓசூர் தையற்கலைஞர்

வணக்கம் ஐயா. முதலில் பிளீச்சிங் பவுடரையும் வெந்நீரையும் தயவுசெய்து ஒதுக்கி வையுங்கள். ஓசூரில் ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் தொப்பி தைக்கும் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரிந்துவிட்டால் எதைச் செய்யக்கூடாது என்பது தானாகவே விளங்கும்.

இந்த வகைத் தொப்பியின் தலைப்பகுதி முக்கோணம் போன்ற ஆறு துண்டுகளை இணைத்துத் தைத்தது. அவை சேரும் உச்சியில்தான் துணி போர்த்திய பொத்தான் இருக்கும். முன்னால் உள்ள இரண்டு துண்டுகளுக்கு மட்டும் உள்புறம் பக்ரம் என்ற முரட்டுத் துணியை வைத்துத் தைத்திருப்பார்கள். இடைவெளி விட்டு நெய்த துணிக்குப் பசை ஏற்றி விறைப்பாக்கியதுதான் பக்ரம். எழுத்து நிமிர்ந்து நிற்பதும், தொப்பி நெற்றிக்கு மேல் எடுப்பாக இருப்பதும் அதனால்தான். சூடான நீரில் அந்தப் பசை இளகும்; இளகிய நேரத்தில் பிழிந்தாலோ, இயந்திரம் சுழற்றினாலோ மடிந்த இடத்தில் மடிந்தபடியே காய்ந்துவிடும். உங்கள் பருத்தித் தொப்பியின் முன்பக்கம் துவண்டதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது முன்விளிம்பு. பழைய தொப்பிகள் பலவற்றில் அதற்குள் அட்டை இருக்கும். பிற்காலத்தவற்றில் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அட்டை நனைந்தால் ஊறி உப்பிவிடும், பிறகு எதைச் செய்தாலும் பழைய வளைவு திரும்பாது. விளிம்பை விரல் நகத்தால் சுண்டிப் பாருங்கள். அட்டையாக இருந்தால் காலிப் பெட்டியைத் தட்டியதைப் போல மொத்தென்று கேட்கும். மெதுவாகச் சற்றே வளைத்து விட்டால் பிளாஸ்டிக் துள்ளிப் பழைய நிலைக்கு வரும். அட்டை தயங்கித் தயங்கி வரும், மடிப்புக் கோடும் விழலாம். ஐயம் இருந்தால் அட்டை என்றே வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

நீங்கள் சொன்ன அடையாளங்களில் இன்னொன்று முக்கியமானது. அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் அணியும் அளவுத் தொப்பிகளை, அதாவது பின்பட்டை இல்லாமல் தலை அளவுக்கேற்பத் தைத்த தொப்பிகளை, நியூ எரா நிறுவனம் 1954 முதல் அதே அமைப்பில் செய்து வருகிறது. 2007-க்கு முன்பு வரை அவை கம்பளித் துணியில் வந்தன. உள்பட்டை வெள்ளையாகவும், 1990-களிலிருந்து விளிம்பின் அடிப்பகுதி சாம்பல் நிறமாகவும் இருந்தன. 2007-இல்தான் துணி பாலியஸ்டருக்கு மாறி, பட்டையும் அடிப்பகுதியும் கறுப்பாயின. உங்கள் தொப்பி 2004-இல் கிடைத்தது, பட்டை வெள்ளை, அடிப்பகுதி சாம்பல், பின்புறம் சரிசெய்யும் பட்டை இல்லை என்கிறீர்கள். அந்த வகையைச் சேர்ந்தது என்றால் அது கம்பளி. உள்ளே தைத்திருக்கும் துணிச்சீட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். கம்பளி இழையின் மேற்பரப்பு மிக நுண்ணிய செதில்களால் ஆனது. ஈரம், சூடு, தேய்ப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி இறுகிச் சுருங்கும். அதைத் திரும்ப விரிக்க முடியாது. பின்பட்டை உள்ள தொப்பி அரை அங்குலம் சுருங்கினால் ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். உங்கள் தொப்பிக்கு அந்த வாய்ப்பு இல்லை. எனவே தண்ணீர் படுவதற்கு முன்பே, அளவு நாடாவால் உள்பட்டையின் சுற்றளவை எடுத்துக் குறித்து வையுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். செம்மண்ணை ஈரப்படுத்துவதற்கு முன்பு எடுத்துவிட வேண்டும். நனைந்தால் அது சேறாகி நெசவின் கண்களுக்குள் இறங்கிவிடும். தொப்பியை ஒரு நாள் நிழலில் நன்றாக உலரவிட்டு, மெல்லிய பிரஷால் உச்சிப் பொத்தானிலிருந்து கீழ்நோக்கி, ஒரே திசையில் தட்டித் தட்டித் துடையுங்கள். தையல் மடிப்புகளில்தான் புழுதி அதிகம் ஒளிந்திருக்கும். பிறகு சாயம் ஓடுகிறதா என்று பாருங்கள்: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, உள்புறம் யாருக்கும் தெரியாத இடத்தில் ஒரு நிமிடம் அழுத்தி எடுத்தால், நீலம் ஒட்டியிருக்கிறதா என்று தெரியும்.

சாயம் ஓடவில்லை என்றால், குளிர்ந்த நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தை இரண்டு சொட்டு விட்டு அடித்து, நுரையை மட்டும் எடுத்துப் பயன்படுத்துங்கள். நெற்றிப் பட்டையில் இருப்பது வெறும் வியர்வை அல்ல. தோலின் எண்ணெயும் சேர்ந்து நாளடைவில் மஞ்சளாகியிருக்கிறது. எண்ணெயை எடுப்பதற்கு இந்தத் திரவம் நன்றாக வேலை செய்யும். பழைய பல் துலக்கும் பிரஷால் பட்டையை மட்டும் சிறு வட்டமாகத் தேய்க்கலாம். கம்பளியைத் தேய்க்க வேண்டாம், ஒற்றி எடுங்கள்.

வெளியே உள்ள வெள்ளைக் கோட்டில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். அது வியர்வையின் உப்பு. ஈரம் பரவிப்போய் எந்த இடத்தில் காய்கிறதோ அந்த விளிம்பில் உப்பு தங்கிவிடுகிறது. கோட்டை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால், கரைந்த உப்பு ஓர் அங்குலம் தள்ளிப்போய் அங்கே புதிய கோடு போடும். ஆகவே ஒரு துண்டைத் துடைக்கத் தொடங்கினால் ஒரு தையலிலிருந்து மறு தையல் வரை, கீழ் ஓரத்திலிருந்து உச்சி வரை, முழுத் துண்டையும் ஒரே சீராக ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். தொப்பியை நீரில் மூழ்கடிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

மறுமொழி: பாலக்கோடு பட்டுநூல் தொழிலாளி

அண்ணா, தையற்கலைஞர் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். கடைசி வரியில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மூன்று பருவத்து உப்பு பட்டைக்குள்ளும் பக்ரத்துக்குள்ளும் இறங்கியிருக்கும். மேலே நுரையால் துடைப்பதால் அது வெளியே வராது. அடுத்த முறை வியர்த்தவுடன் உள்ளிருந்து கரைந்து அதே கோடு மீண்டும் தோன்றும். விளிம்புக்குள் இருப்பது பிளாஸ்டிக்தான் என்று உறுதியாகத் தெரிந்தால், குளிர்ந்த நீரில் நான்கைந்து நிமிடம் அமிழ்த்தி, அசைக்காமல் எடுத்து, நீரை மாற்றி மீண்டும் அமிழ்த்துவதில் பிழையில்லை. குளிர்ந்த நீர் மட்டும் கம்பளியைச் சுருக்காது. அதோடு சூடும் கசக்கலும் சேர்வதுதான் சுருக்கும். அட்டையாக இருந்தால் நான் சொல்வதை விட்டுவிடுங்கள், அவர் சொன்னபடியே செய்யுங்கள்.

சோடாவைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை. பட்டும் கம்பளியும் ஒரே இனம். இரண்டும் உயிரினங்கள் தரும் புரத இழைகள். பச்சைப் பட்டுநூலின் மேல் இருக்கும் பசையை நீக்குவதற்குச் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த சூடான நீரில் நூலைப் போடுவார்கள். அந்தப் பசையும் ஒரு புரதம்தான், சோடா அதைக் கரைத்துவிடுகிறது. அளவு கூடினாலும், நேரம் நீண்டாலும், பசையோடு நிற்காமல் நூலே நலிந்துபோவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கம்பளிக்கும் அதே கதிதான். புரதக் கறையை அகற்றுவதற்கென்று நொதி சேர்த்த சலவைப் பொடிகளையும் இதே காரணத்துக்காகக் கம்பளியில் தவிர்க்க வேண்டும்.

துணிச்சீட்டில் எழுத்து அழிந்திருந்தால் கம்பளியா என்று அறிய எங்கள் தொழிலில் உள்ள வழி இருக்கிறது. உள் தையலில் தொங்கும் பிசிர் நூல் ஒன்றைக் கத்தரித்து, இடுக்கியால் பிடித்துச் சுடரில் காட்டுங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது கம்பளி. உருகிக் கடினமான மணியாகத் திரண்டால் பாலியஸ்டர். காகிதம் எரியும் மணம் வந்தால் பருத்தி. தைத்த நூல் வேறு, துணி வேறு என்பதால் துணியின் ஓரத்திலிருந்து பிரிந்த இழையாகப் பார்த்து எடுக்க வேண்டும்.

கழுவுவதற்கு நான் பட்டுச் சேலைக்குப் பயன்படுத்தும் பூந்திக்கொட்டையையே சொல்வேன். எட்டுப் பத்துக் கொட்டைகளை உடைத்து விதையை நீக்கி, தோலை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, காலையில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, வடிகட்டி, முழுவதும் ஆறிய பிறகு பயன்படுத்துங்கள். அதன் நுரையில் சோப்பில் உள்ள காரம் கிடையாது. ஆனால் வடிநீர் பழுப்பாக இருக்கும். வெள்ளை எழுத்திலும் வெள்ளைப் பட்டையிலும் தங்கவிடாமல் உடனுக்குடன் அலசிவிட வேண்டும்.

மாம்பால் தண்ணீருக்கு அசையாது, ஏனென்றால் அதில் பிசினும் எண்ணெயும் இருக்கின்றன. மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து, கறையின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். பஞ்சு பழுப்பானவுடன் புதிய பஞ்சு எடுக்க வேண்டும், இல்லையென்றால் எடுத்த பிசினையே திரும்பப் பூசுவதாகிவிடும். முதலில் உள்புறம் ஒரு துளி வைத்துச் சாயம் நிற்கிறதா என்று பாருங்கள். அடுப்புக்கு அருகில் இந்த வேலை கூடவே கூடாது. நாள்பட்ட மாம்பால் கறை முழுவதுமாக மறைவது அரிது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: பென்னாகரம் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்

உங்கள் பருத்தித் தொப்பியில் தெரிந்த வெளுத்த திட்டுகளுக்கு ஒரு விளக்கம் உண்டு. ஆழ்குழாய் நீரில் சோப்புக் கட்டியால் துவைத்தீர்களா? நம் பகுதியில் பல இடங்களில் கிணற்று நீர் கடினமானது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, நீரில் கரையாத வெண்ணிறப் படிவமாகி, கருமையான துணியில் பளிச்சென்று தெரியும். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஆனால் ஃபுளோரைடு வேறு, கடினத்தன்மை வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழாயில் ஒகேனக்கல் நீர் வருகிற நாளில் இரண்டு குடம் பிடித்து வைத்து, அதிலேயே இந்தத் தொப்பியை அலசுங்கள். பிடித்து வைத்த மழைநீர் கிடைத்தால் அதைவிடச் சிறப்பு. கடைசி அலசலில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி வெள்ளை வினிகர் சேர்த்தால், தங்கியிருக்கும் காரமும் படிவமும் நீங்கும். பிறகு வெறும் நீரில் ஒருமுறை அலசினால் வாடையும் போய்விடும்.

பிளீச்சிங் பவுடர் கம்பளியைச் சிதைத்து மஞ்சளாக்கும். எந்தக் காரணத்துக்காகவும் அதை வினிகரோடு சேர்க்காதீர்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு வெளிப்படும், மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

மறுமொழி: ஓசூர் தையற்கலைஞர்

பாலக்கோடு சகோதரி சொல்வது சரி. உள்ளே இறங்கிய உப்பைப் பற்றி நான் போதுமான அளவு யோசிக்கவில்லை. விளிம்பு பிளாஸ்டிக் என்றால் குளிர்ந்த நீரில் சற்று நேரம் அமிழ்த்துங்கள் ஐயா. எடுத்தவுடன் பிழியாமல், உலர்ந்த துண்டை உள்ளே திணித்து, இன்னொரு துண்டால் வெளியே போர்த்தி, இரு கைகளாலும் அழுத்தி ஈரத்தை வாங்குங்கள். பிறகு தலை அளவுள்ள எவர்சில்வர் பாத்திரத்தைக் கவிழ்த்து, அதன் மேல் தொப்பியை மாட்டுங்கள். சுற்றளவு 58 செ.மீ. என்றால் ஏறக்குறைய 18 செ.மீ. குறுக்களவுள்ள பாத்திரம் பொருந்தும். இரும்புப் பாத்திரம் வேண்டாம், துரு ஏறும். முன் இரண்டு துண்டுகளையும் உள்ளிருந்து விரல்களால் தள்ளி நிமிர்த்தி, விளிம்பின் வளைவைக் கையால் அமைத்து, வெயில் படாத இடத்தில் மின்விசிறிக் காற்றில் விட்டுவிடுங்கள். மேலே காய்ந்ததாகத் தெரிந்தாலும் பட்டைக்குள் ஈரம் இருக்கும். ஒரு முழு நாள் ஆகும் வரை பாத்திரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

மறுமொழி: காவேரிப்பட்டினம் மாந்தோப்புக்காரர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. செய்து முடித்து இரண்டு நாட்கள் ஆகின்றன. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படலாம்.

துணிச்சீட்டில் எழுத்து ஏறக்குறைய அழிந்திருந்தது. உள் ஓரத்தில் பிரிந்திருந்த இழையை என் துணைவியார் இடுக்கியில் பிடித்துக் காட்டினார். முடி கருகும் நாற்றம் உடனே வந்தது, சாம்பல் தொட்டவுடன் பொடிந்தது. விளிம்பைச் சுண்டியதில் மொத்தென்ற ஒலி இல்லை, வளைத்தால் துள்ளித் திரும்பியது. பட்டையின் சுற்றளவு சரியாக 58 செ.மீ. இருந்தது.

உலரவைத்துப் பிரஷால் தட்டியபோது, விரித்திருந்த செய்தித்தாளின் மேல் விழுந்த செம்மண் ஒரு கைப்பிடி அளவுக்கு இருந்தது. இவ்வளவையும் தலையில் சுமந்துகொண்டிருந்தேன் என்பதை நம்பவே முடியவில்லை. சாயம் ஓடவில்லை. பட்டையை நுரையால் மூன்று முறை தேய்த்து, பூந்திக்கொட்டை நீரால் துணிப்பகுதியை ஒற்றி, ஒகேனக்கல் நீரில் அமிழ்த்தினேன். முதல் நீர் கெட்டியான டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது, நான்காவது நீர்தான் தெளிந்தது. ஆசிரியர் சொன்னபடி வினிகரையும் சேர்த்தேன். அவர் ஊகித்தது உண்மைதான். சென்ற ஆண்டு ஆழ்குழாய் நீரில், சோப்புக் கட்டியால் தேய்த்த பிறகுதான் அந்தத் தொப்பியை இயந்திரத்தில் போட்டோம்.

ஈரத்தோடு அளந்தபோது 57 செ.மீ. என்று காட்டியதும் நெஞ்சு படபடத்தது. பாத்திரத்தில் மாட்டி மெல்ல இழுத்து அமைத்து, மறுநாள் மாலை அளந்தேன். 58-க்கு ஒரு நூலளவு குறைவாக இருந்தது, தலையில் பழையபடியே உட்காருகிறது. வெள்ளைக் கோடு அறவே இல்லை. பட்டை முழு வெள்ளையாகவில்லை, தந்த நிறத்தில் இருக்கிறது. அது எனக்குப் போதும். மாம்பால் சொட்டுகளில் ஒன்று மறைந்துவிட்டது. மற்றொன்று பதினோரு பஞ்சு மாற்றிய பிறகும் வெளிர்பழுப்பு நிழலாக நிற்கிறது. இதற்கு மேல் அதைத் தொட்டால் துணி நைந்துவிடுமோ என்று நிறுத்திவிட்டேன்.

இனி இந்த நிலைக்கு வராமல் இருக்கத் தினமும் ஏதேனும் செய்ய வேண்டுமா?

மறுமொழி: ஓசூர் தையற்கலைஞர்

நிறுத்தியது மிகச் சரியான முடிவு ஐயா. தோப்பிலிருந்து திரும்பியவுடன் பட்டையை வெளிப்புறமாகத் திருப்பி, வெறும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை துடைத்து, பட்டை வெளியே இருக்கும்படியே நிழலில் காயவிடுங்கள். உப்பு காய்ந்து கோடாவதற்கு முன்பே போய்விடும். ஆணியில் மாட்டாதீர்கள், உச்சிப் பொத்தானுக்குக் கீழே துணி கூம்பிப் போகும். கவிழ்த்த பாத்திரத்தின் மேலேயே வையுங்கள். காய் பறிக்கும் நாட்களில் மாம்பால் சொட்டினால் அன்றைக்கே, அது இறுகுவதற்கு முன்பே ஸ்பிரிட்டால் ஒற்றிவிடுங்கள்.